முப்பத்து நான்காவது சுற்று

லோசானில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும்.
ஏரிக்கரையிலிருந்து மருத்துவமனைக்கு
மெட்ரோவே சாய்ந்தபடிதான் ஏறுகிறது.

அங்கே நான்காம் மாடியில்
பிறர் இதயம் எழுதியதைப் படிக்கிறவள் நான்.
எழுதியது என்றால் காவியமில்லை.
இருபத்திரண்டு எழுத்து, சில நேரம் ஒன்று குறையும்.
உயிரும் இல்லை மெய்யும் இல்லை,
மொத்தம் நான்கே எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கிய
ஒற்றை வரி.
பெயர்கூட வைக்கவில்லை, எண்தான்:
இருநூற்றெட்டு.

இதயத் தசைக்குள் அதன் வேலை வாயடைப்பது.
ஏதோ ஒரு மரபணுவின் பேச்சு நீளும்போது
உதட்டில் விரல் வைக்கும்.
நலமாக இருக்கும்வரை வாசல் தாண்டாது.
தசை நொந்தால், செத்தால்,
கொழுப்புப் பொட்டலத்தில் சுருண்டோ
ஒரு புரதத்தின் முதுகைப் பற்றிக்கொண்டோ
இரத்தத்தில் இறங்கி
முழங்கை மடிப்புவரை வந்துவிடும்.
அங்கே ஊசி.

வாயடைக்கப் பிறந்தது
வெளியே வந்தால் காட்டிக்கொடுக்கிறது.

செவ்வாய்க்கிழமை பத்தொன்பது குழாய்கள்.
பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்த மூன்றை எறிந்தேன்.
சிவப்பணு உடைந்தால் அதன் பேச்சும் கலந்துவிடும்,
யார் சொன்னது எது என்று பிரிக்க முடியாது.
ஹெப்பாரின் ஏறிய இருவரைத் தள்ளிவைத்தேன்.
மிச்சத்தில் ஒவ்வொன்றிலும்
ஒரு புழுவின் துணுக்கை அளந்து விட்டேன்.
மனிதரிடம் இல்லாத ஒன்றைப் போட்டால்தானே
வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியும்.

முப்பத்தொன்றாம் எண். நோயற்றோர் பட்டியல்.
நாற்பது சுற்று ஓடி முடிந்தும்
கோடு தரையோடு கிடக்கவேண்டும்.
முப்பத்து நான்கில் எழுந்தது.

பக்கத்துக் குழியில் ஒன்றுமில்லை.
மறுபடி ஓட்டினேன். முப்பத்து நான்கு புள்ளி இரண்டு.
மறுபடி. இல்லை.
மறுபடி ஓட்டப் பிளாஸ்மா போதவில்லை.

"துளி தெறித்திருக்கும்" என்றார் டாக்டர் ரோஷா.
"தெறிக்காமலும் இருக்கலாம்.
இந்தக் கோட்டை வைத்து ஒருவருக்கு நோய் சொல்ல
நமக்கு இன்னும் உரிமையில்லை."
சரிதான். புதிதாகச் சேர்பவர்களிடம்
நானே அதைச் சொல்லியிருக்கிறேன்,
இதே தொனியில்.

முப்பத்தொன்று யார் என்று எனக்குத் தெரியக்கூடாது.
ஆனால் போன வியாழன் காலை ஏழு நாற்பதுக்கு
கை நீட்டியது ஒரே ஒருவர்.
ஜில்பேர். உலர்பனிப் பெட்டி தள்ளி வருகிறவர்.
கண்ணை இறுக மூடிக்கொண்டு
"க்ரவாசான் தருவீர்கள்தானே" என்று கேட்டவர்.

ரோஷா ஒப்புதல் படிவத்தை எடுத்தார்.
பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினார்.
எதிர்பாராத எதுவும் தெரியவந்தால்
உங்களுக்கு அறிவிக்கலாமா?
'வேண்டாம்' என்ற கட்டத்தில் பெருக்கல் குறி.
நீல மை. அழுத்தி இட்டதில்
தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது
பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன்,
படியேறினால் நெஞ்சு இறுக்குமா என்று.
சிரித்தார்.
"இந்த ஊரில் யாருக்கு இறுக்காது?"

வெள்ளி இரவு, ஒதிலின் பிரிவு விருந்து முடிந்து
சந்தைப் படிக்கட்டில் ஏறுகிறோம்.
மரக்கூரையின் கீழ் முன்னால் ஏழெட்டுப் பேர்,
பாடிக்கொண்டு ஒருவன்,
கடைசியில் நானும் ஜில்பேரும்.
மேலே பேராலயக் கோபுரத்தில்
காவற்காரர் கை குவித்து நாலு திசைக்கும் கூவுகிறார்:
காவலன் நான், பத்து அடித்தது.
மணியை மட்டும்தான் சொல்கிறார்.
தீப்பிடித்தால் சொல்லத்தான்
ஒருகாலத்தில் அவரை ஏற்றி வைத்தார்களாம்.

பாதிப் படியில் நான் நின்றேன்.
கைப்பிடியைப் பிடித்து
மூச்சு வாங்குவதுபோல் குனிந்துகொண்டேன்.
அவரும் நின்றார்.
எனக்காகத்தான் நின்றாரா, தெரியவில்லை.
ஒரு கையை மேல்சட்டைக்குள் விட்டிருந்தார்.
சிகரெட் தேடியிருக்கலாம்.